தேர்வு முடிந்தபின் பேசலாமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

கடைசி மணி அடித்துவிட்டது. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறோம். நேரே வீட்டுக்குப் போகிறவர் நம்மில் யார்? எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடிவிடுகிறோம். "மூணாவது கேள்விக்கு என்ன போட்டே?" என்று ஒருவன் தொடங்கினால் போதும், பேருந்து வரும்வரை ஓயாது. "முடிந்ததைப் பேசி என்ன பயன்? போய் அடுத்த தேர்வுக்குப் படியுங்கள்" என்று நம் விரிவுரையாளர்கள் விரட்டுவதும் உண்டு.

அவர்கள் சொல்வது நம் மன அமைதியை எண்ணி. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. தேர்வு முடிந்தபின் வினாக்களைப் பற்றிப் பேசுவது நியாயந்தானா? இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாமெல்லாம் வேலைக்கும் தொழிலுக்குமான தேர்வுகளை எழுதப் போகிறவர்கள். அங்கே இந்தக் கேள்வி வேப்பமரத்தடிக் கேள்வியாக இருப்பதில்லை.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வேப்பமரத்தடி எனக்கு இரண்டாவது வகுப்பறை. என் தந்தை செங்கற்சூளையில் வேலை செய்பவர். தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால், "நல்லா எழுதுனயா சாமி?" என்று ஒரு கேள்வி, "எழுதுனேம்மா" என்று ஒரு பதில். அவ்வளவுதான். வினாத்தாளை வாங்கிப் பார்த்து, "இதை ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மோலாரிட்டியையும் மோலாலிட்டியையும் ஒன்றென்று எண்ணி முதல் பருவத் தேர்வில் ஒரு கணக்கையே கெடுத்தேன். ஒன்று ஒரு லிட்டர் கரைசலுக்குக் கணக்கு, மற்றது ஒரு கிலோகிராம் கரைப்பானுக்குக் கணக்கு என்பதை, விடுதி நண்பன் ஒருவன் மரத்தடி மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினான். இன்றுவரை மறக்கவில்லை. ஆகவே, தேர்வுக்குப் பின் பேசுவதே குற்றம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் நடக்கும் ஒன்றிய அரசுப் பணித் தேர்வு ஒன்றை எழுதக் கோவைக்குப் போனேன். கணினியில் எழுதும் தேர்வு. பல நாட்கள் நடக்கும், ஒரு நாளிலேயே இரண்டு மூன்று வேளை உண்டு, வேளைக்கொரு வினாத்தாள். எனக்குக் காலை வேளை. என்னோடு வந்த எங்கள் ஊர் அண்ணனுக்குப் பிற்பகல். விடியற்காலைப் பேருந்தில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவரும், இறங்கியதும் இட்லி வாங்கித் தந்தவரும் அவர்தான்.

தேர்வறையில் ஓர் உறுதிமொழியைக் கைப்பட எழுதச் சொன்னார்கள். வினாக்களை எவருக்கும் தெரிவிக்கமாட்டேன் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால், எழுத்துக் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிரப் பொருளைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "என்னடா கேட்டான்?" நினைவிலிருந்த கணக்குகளையும் இரண்டு பொது அறிவு வினாக்களையும் சொன்னேன். பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஓர் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் பிற்பகல் வேளைதான். "தம்பி, கணக்கெல்லாம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார். "சுமாருங்க்கா" என்றேன். அந்த நேரத்தில் அந்த உறுதிமொழி எனக்கு நன்றாக நினைவுக்கு வந்தது! அண்ணனிடம் பேசும்போது வராத நினைவு அது.

கதை அங்கேயும் முடியவில்லை. எதிர்க்கடையில் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்துக்காரர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். நினைவில் உள்ள வினாக்களைச் சொன்னால் தேநீரும் வடையும். நானும் நான்கு வினாக்கள் சொன்னேன். ஆக, உறவுக்குச் சொன்னேன், வடைக்குச் சொன்னேன், யாருமில்லாமல் நின்றவரிடம் மட்டும் நேர்மையைக் காட்டினேன்.

மாலையில் அண்ணன் வெளியே வந்து, "நீ சொன்னதுல ஒண்ணுகூட வரலடா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் அந்த அக்காவும் நின்றார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலே சொன்னார்: "எனக்குக் கடைசியில நேரம் பத்தல தம்பி. நீ அடுத்த தடவை எழுதுனா தெரிஞ்சத மொதல்ல போட்டுரு, ஒண்ணுலயே நின்னுறாத." ஒரு வினாவைக்கூட வெளியில் விடாமல் தனக்குத் தெரிந்ததை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பின்னர் தேடிப் படித்தேன். பட்டயக் கணக்காளர் தேர்வு தொடர்பான வழக்கில் 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறது. வினாத்தாளும் மாதிரி விடையும் தேர்வுக்கு முன்புதான் மறைக்கத்தக்கவை. தேர்வு முடிந்துவிட்டால் அவற்றை வெளியிடுவதால் எவருடைய போட்டி வாய்ப்பும் கெடாது என்பது அது. சரிதான் என்று மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த ஆண்டே, 2012 மே மாதத்தில், எய்ம்ஸ் நிறுவனத்தின் உயர்சிறப்பு மருத்துவ நுழைவுத் தேர்வு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் வினாத்தாளைக் கொடுக்க வேண்டியதில்லை என்றது. அந்தச் சிறு துறையில் கேட்கத்தக்க நல்ல வினாக்கள் அளவானவை. அவையெல்லாம் வெளியே வந்துவிட்டால் பாடத்தை விட்டுவிட்டு வினாவை மட்டும் படிப்பார்கள் என்பது காரணம். இரண்டும் எனக்கு நியாயமாகவே பட்டன. ஒரு வினா ஒருமுறை கேட்கப்பட்டதோடு தன் வேலையை முடித்துவிட்டதா, அல்லது இன்னும் பலரை அளக்க வேண்டியிருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

நம் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தரம் பார்த்தலில் திட்டக்கரைசலை வைத்துத்தான் மற்றதன் செறிவைக் காண்கிறோம். அந்தக் குடுவையில் எவனாவது கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டால் என்னாகும்? பியூரெட்டைப் பிடித்தவன் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் விடை தவறாகத்தான் வரும். அவன் கையில் குற்றமில்லை. பல தொழில் தேர்வுகளில் பழைய வினாக்கள் சிலவற்றை மறுபடி வைத்து, அவற்றைக் கொண்டுதான் இந்த ஆண்டின் தாள் சென்ற ஆண்டின் தாளைவிடக் கடினமா, எளிதா என்று அளக்கிறார்கள். அவற்றைத் தேநீர்க் கடையில் சொல்வது குடுவையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

2010ஆம் ஆண்டில் அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 139 மருத்துவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. தேர்வு எழுதி வந்தவர்கள் வினாக்களை நினைவில் கொண்டுவந்து ஒரு பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், எழுதப் போகிறவர்கள் அங்கே பெற முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. படித்தவர்கள், ஏற்கெனவே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்! நெஞ்சுவலி என்று என் தாயாரை அழைத்துப் போகும் நாளில், எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயைப் படித்தவரா, வினாவைப் படித்தவரா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

இவ்வளவும் சொன்னபின், தேர்வு நடத்துவோரையும் ஒரு கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன். 2024 ஜூன் மாதம் பொதுத் தேர்வு முறைகேடுகளைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, தன் தேர்வு வினாக்களைப் பொதுவெளியில் அலசக் கூடாது என எச்சரித்தது. தேர்வு நாட்கள் முடியும்வரை வாயை மூடு என்றால் மூடுகிறேன். அது நியாயம். ஆனால் முடிந்த பிறகும் மௌனம் என்றால், அந்த மௌனத்தில் லாபம் அடைபவர் யார்? குறிப்பேட்டோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்தான். அவரிடம் ஆயிரம் வினாக்கள் சேர்ந்திருக்கும். பணம் கட்டுகிறவனுக்கு அவை கிடைக்கும். குழந்தையை இடுப்பில் சுமந்து வந்த அக்காவுக்குக் கிடைக்காது. நம் மாநிலத் தேர்வாணையம் தாளில் நடத்தும் கொள்குறி வகைத் தேர்வுகளில் வினாத்தொகுப்பை வீட்டுக்கே கொண்டுவரலாம், விடைக்குறிப்பு வெளியாகிறது, தவறென்று தோன்றினால் மறுப்பும் தெரிவிக்கலாம். எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்த கதவு அது. எல்லா வினாக்களையும் திறக்க முடியாத தேர்வுகள்கூட, வேலை முடிந்த வினாக்களையாவது விடையோடு அச்சிட்டு வெளியிடலாமே! "பேசாதே" என்று கையெழுத்து வாங்குகிறவர்கள், பேச ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதையாவது செய்யக் கடமைப்பட்டவர்கள்.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் பருவத் தேர்வுத் தாளை எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிறோம். எழுதி முடித்தால் அதில் இரகசியம் ஒன்றுமில்லை. கடைசித் தேர்வுக்கு மறுநாள் ஒரு மணி நேரம், துறை விரிவுரையாளர் ஒருவர் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகை முன் நிற்கட்டும். விடுதி நண்பன் கிடைக்காதவர்களும் வந்து உட்காருவார்கள். நூலகத்தில் பழைய வினாத்தாள்களின் கட்டு ஒன்று இருக்கிறது. வேதியியலில் பல தாள்கள் கிழிந்து காணாமல் போய்விட்டன. என்னிடமுள்ள மூன்று பருவத் தாள்களையும் விடைகளைப் பென்சிலால் குறித்து நூலகரிடம் கொடுத்துவிட்டேன். அவற்றில் தவறு இருந்தால் திருத்தி எழுதுங்கள். அழிக்கும் ரப்பரும் அந்த மேசையிலேயே இருக்கிறது.