காட்டு இல்லாத உரை

காலை வேளையில் தாம்பரம் ரயில் நிலைய வாயிலில் சிறிது நேரம் நிற்பவர், 1984-ஆம் ஆண்டில் ஏற்றுமதிக்கெனத் தோன்றி இவ்வட்டாரத்தாரால் ‘மெப்ஸ்’ என்று சுருங்க வழங்கப்பெறும் வளாகத்தை நோக்கியும், மேடவாக்கம் வழியே சோழிங்கநல்லூரை நோக்கியும் விரைகின்ற கணினித் துறை இளைஞர் பலரைக் காண்பர். அவர்களுள் ஒருவரும், சேலையூரில் எனக்கு அண்டை வீட்டாருமான தம்பி, ஓர் இரவு முழுதும் அலுவலகத்தில் உறக்கமின்றித் தவித்த காரணத்தை விவரித்தபோது, குற்றம் இயந்திரத்தினுடையதன்று, அதற்கு உரை எழுதியவருடையது என்றே எனக்குத் தோன்றிற்று.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில், ஒரு வினவல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று வரையறுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அலுவலகத்துக் கையேடு அதைக் குறித்து, ‘வினவலின் கால வரம்பு, தேவைக்கேற்ப இடுக’ என்ற அளவில் நின்றுவிட்டது. முப்பது விநாடி என்ற நினைவில் தம்பி 30 என்று மட்டும் இட்டார். அலகு குறிக்கப்படாத எண்ணை அம்மென்பொருள் மில்லி விநாடியாகவே கொள்ளுமாதலால், மாதக் கணக்கைத் திரட்டும் வினவல்களெல்லாம் தொடங்கிய மாத்திரத்தில் அறுபட்டன. மென்பொருளின் மூல ஆவணம் அலகைத் தெளிவாகவே சொல்கிறது. கையேடு எழுதியவரோ, தாம் அறிந்ததை யாவரும் அறிவர் என்று கருதிவிட்டார். இந்த அமைப்பில் 0 என்றால் வரம்பே இல்லை. மெதுவான வினவல்களைப் பதிவு செய்யும் மற்றோர் அமைப்பிலோ 0 என்றால் அனைத்தும் பதிவாகும், பதிவை நிறுத்துவதற்கு -1 வேண்டும். ஒரே மென்பொருளுக்குள் ஒரே எண் இவ்வாறு வேறுபடுமாயின், வெறும் இலக்கணத்தால் யாருக்கு என்ன விளங்கும்?

சூத்திரம் சுருக்கமாகத்தான் இருக்கும்; அதை விளங்கச் செய்வது உரையின் கடமை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், மிகச் சுருங்கிய காண்டிகை உரைக்கும் கருத்து, பதப்பொருள் ஆகியவற்றோடு காட்டும் இன்றியமையாதது என விதித்தார். விரிவஞ்சி எதை விட்டாலும் உதாரணத்தை விடலாகாது என்ற அவ்விவேகம் நம் கையேடுகளில் காணப்படவில்லை.

உதாரணங்கள் ஆவணத்தைப் பெருக்கிவிடும், காலப்போக்கில் பழுதாகியும் விடும் என்பார் கூற்றில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் அவசரத்தில் வருபவன் முதலில் காண்பதும், அப்படியே பெயர்த்தெழுதுவதும் உதாரணத்தைத்தான். ஆவணங்களில் எடுத்துக்காட்டுவதற்கென்றே ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ முதலிய சில இணைய முகவரிகள் 1999-இல் ஒதுக்கிவைக்கப்பட்டதன் பொருத்தமும் இதனால் விளங்கும். காட்டாக எழுதிய முகவரி மெய்யாகவே ஒருவருக்கு உரியதாயின், பெயர்த்தெழுதுவோர் அனைவரும் அவர் வாயிலையே தட்டுவர்.

ஆகையால் ஒவ்வோர் அமைப்புக்கும், பெயர்த்தெழுதினால் அப்படியே இயங்கக்கூடிய காட்டு ஒன்றும், இப்படி எழுதினால் இன்ன கேடு விளையும் என்னும் எதிர்க்காட்டு ஒன்றும், ஒன்றும் எழுதாவிடில் நிகழ்வது யாது என்பதும் இடம்பெற வேண்டும் என்பதே என் கட்சி. தம்பி தம் அலுவலகத்துக் கையேட்டில் அம்மூன்று வரிகளையும் சேர்த்துவிட்டார். சேர்த்ததோடு அமையாமல், அண்மையில் பணிக்கு வந்த ஒரு பெண்ணிடம் அப்பக்கத்தைக் கொடுத்து, வாய்மொழியாக ஒன்றும் சொல்லாமல், சோதனைக் கணினியில் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.