முந்தானை தெரியாமல் பாவு ஓட்டலாமா?

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லாட்ஜ் அறை. உதவி இயக்குநர் ஒருவர் ஒன்றேகால் மணி நேரம் கதை சொன்னார். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டுக்கு வந்திருந்தார். ஓடிப்போன தங்கையை அண்ணன் தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தில் இன்டர்வெல். "அப்புறம்?" என்றேன்.

"கிளைமாக்ஸ் மட்டும் பிடிபடலை சார். டிஸ்கஷன்ல வந்துடும்."

வரலாம். வந்தால் இரண்டு நோட்டிலும் பாதியைக் கிழிக்க வேண்டியிருக்கும். 1734-இல் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. சின்னத் தறிப்பேட்டைதான் இப்படி மருவியது என்பார்கள். முந்தானை எங்கே வரும் என்று தெரியாமல் அந்த மனிதர்கள் யாரும் தறியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே கிடையாது. ஆரம்பத்திலேயே நாயகன், ரேடியோ என்ஜினீயர் ராஜன், சுடப்பட்டு விழுகிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், நாட்டியக்காரி என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எழுபது வருஷம் தாண்டியாயிற்று, சொல்லிவிடலாம்: குண்டு பாய்ந்தது மனைவி உஷா கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து. கணவன் ஜப்பானுக்கு உளவு சொல்கிறவன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த முடிவு இல்லையென்றால் அவன் ரேடியோ என்ஜினீயராக இருக்கத் தேவையே இல்லை. குமாஸ்தாவாக இருந்தாலும் கொலை கொலைதான். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-உம் வேண்டியதில்லை. கடைசி ரீல்தான் நாயகனின் உத்தியோகத்தையும் கதையின் வருஷத்தையும் தீர்மானிக்கிறது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று: எழுதியவர் ஜாவர் சீதாராமன், துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. கொலையாளியை நன்றாகத் தெரிந்தவர், தெரியாத முகத்தோடு படம் முழுக்க விசாரிக்கிறார்.

எழுத எழுதத்தான் முடிவு புலப்படும் என்பவர்களும் உண்டு. நாவலாசிரியருக்கு அது சரி. அவருக்குச் செலவு காகிதம்தான். கால்ஷீட் வாங்கி செட் போட்ட பிறகு கிளைமாக்ஸ் தேடுகிறவருக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

அதற்காகக் கடைசி வசனம் வரை தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. கடைசியில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார், எதை விடவே மாட்டார். இவ்வளவு தெரிந்தால் போதும். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலில் நாயகன் காளியின் கையைப் புலி பறித்துவிடும். 1978-இல் மகேந்திரன் அதை வைத்து எடுத்த படத்தில் கையைப் பறிப்பது லாரி. சம்பவம் மாறினால் மாறட்டும். தங்கையை என்ஜினீயருக்குக் கொடுத்த பிறகும் அந்த ஆளை இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான் பாருங்கள், அந்த வீம்பு முதல் காட்சிகளிலிருந்தே காளியிடம் இருக்கிறது.

"உங்க அண்ணன் கடைசியில எதை விடமாட்டான்?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முதல் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார்.

"அப்படிப் பார்த்தா, இன்டர்வெல்ல அவன் தங்கச்சியைக் கண்டுபிடிக்கவே கூடாது சார்."