விசில் ஊதிய விமானி - டெஸ்க் டைரி

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் ஒன்று 'வரலாற்றில் இன்று'. காலை ஆறு மணிக்குள் ஒரு கார்டு போக வேண்டும். ஒரு படம், ஒரு தலைப்பு, நாலு வரி. அவ்வளவுதான்.

ஜூலை 21-க்கு என்ன இருக்கிறது என்று தேடியபோது ஒரு வீடியோ சிக்கியது. 1990, பெர்லின். சுவர் திறக்கப்பட்டு எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'பிங்க் ஃபிளாய்டு' குழுவிலிருந்து பிரிந்துவந்த ரோஜர் வாட்டர்ஸ், போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பகுதியில் 'தி வால்' இசை நிகழ்ச்சியை நடத்துகிறார். யாரும் கால் வைக்க முடியாதபடி பல வருடங்கள் காவல் காக்கப்பட்ட வெற்று நிலம் அது. பழைய போரின் வெடிக்காத குண்டுகள் இருக்கின்றனவா என்று மண்ணைச் சோதித்த பிறகே மேடை போட்டார்கள். லட்சக்கணக்கில் கூட்டம். நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தவர் 72 வயது ஆங்கிலேயர் ஒருவர். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விசில் ஒன்றை ஊதினார். முடிந்தது.

யார் இந்தத் தாத்தா? பெயர் லெனார்ட் செஷையர். போரில் குண்டுவீச்சு விமானி. பிறகு தொண்டு நிறுவனம் தொடங்கியவர். அந்த இசை நிகழ்ச்சியே அவருடைய நிதி திரட்டலுக்காகத்தான்.

எனக்கு இவ்வளவு போதும். தலைப்பு தானாக வந்தது: 'அன்று குண்டு போட்டார்... பிறகு பிராயச்சித்தம் செய்தார்!'

டெஸ்க்கில் சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, 'பிராயச்சித்தம்'னு அவர் சொன்னாரா, நீ சொல்றியா?"

"படிச்சா அப்படித்தானேக்கா தோணுது?"

"தோணுறதை உன் டைரியில எழுது. தலைப்பு வைக்கிறதுக்கு முன்னாடி தேடிப் படிச்சுட்டு வா."

படித்தேன். நாலு வரி கார்டுக்காக இரண்டு நாள் படித்தது இதுதான் முதல் தடவை.

ஏழு பேர், ஒரு விமானம்

செஷையர் 1917-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர். போர் வந்ததும் விமானப்படை. இரவில் கிளம்பி ஜெர்மனி வரை போய்க் குண்டு போட்டுவிட்டு, விடியும் முன் திரும்புவதுதான் வேலை. அவர் ஓட்டிய 'லான்காஸ்டர்' போன்ற விமானங்களில் ஏழு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் போரில் இறந்தவர்கள் 55,573 பேர். என் வயதுக்காரர்கள்.

கீழே இருந்தவர்களின் கணக்கு அதைவிடப் பெரிது. ஹாம்பர்க், டிரெஸ்டன் என்று நகரம் நகரமாக எரிந்தது. இறந்தவர்களில் ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பங்கள் ஏராளம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அந்த விமானப்படையில் செஷையர் நூறு முறைக்கு மேல் பறந்து உயிரோடு திரும்பினார். 25 வயதில் 'குரூப் கேப்டன்'. 1944-ல் 'விக்டோரியா கிராஸ்'. பொதுவாக ஏதாவது ஒரு வீரச் செயலுக்குக் கொடுக்கும் விருது அது. இவருக்குக் கொடுத்தது நான்கு வருடப் பறத்தலுக்காக.

ஒரு சம்பவத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1944 பிப்ரவரி, பிரான்ஸின் லிமோஜ் நகரம். ஜெர்மானியர்களுக்காக விமான இன்ஜின் தயாரித்த ஒரு தொழிற்சாலையை அழிக்க வேண்டும். உள்ளே இரவு ஷிஃப்ட்டில் பிரெஞ்சுப் பெண்கள். செஷையர் உடனே குண்டு போடவில்லை. தொழிற்சாலையின் தலைக்கு மேல், மிகத் தாழ்வாக, மூன்று முறை பறந்தார். 'ஓடுங்கள்' என்று சொல்வதற்கு அவருக்கு வேறு வழியில்லை. தாழப் பறப்பது தன் உயிருக்கு ஆபத்து என்பதும் அவருக்குத் தெரியும். பெண்கள் ஓடிவந்த பிறகே இலக்கைக் குறித்துக் கொடுத்தார். தொழிற்சாலை தரைமட்டமானது.

அதே மனிதர், 1945 ஆகஸ்ட் 9 அன்று, நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டனின் பார்வையாளராக இன்னொரு விமானத்தில் தொலைவிலிருந்து பார்த்தார்.

'ஆங்... அதைப் பார்த்து மனம் மாறியிருப்பார்!' என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால், குற்ற உணர்ச்சியால்தான் சேவைக்கு வந்தேன் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஹிட்லரை எதிர்த்த போர் தேவையானது என்றார். அணுகுண்டு அந்தப் போரை முடித்துவைத்தது என்று கடைசிவரை வாதாடினார். நமக்கு ஒப்புதல் இருக்கிறதோ இல்லையோ, அவர் சொன்னது அதுதான். என் தலைப்பு அங்கேயே காலி.

வாசலில் வந்து நின்றவர்

அப்படியென்றால் எதனால் சேவைக்கு வந்தார்? பதில் ரொம்பச் சாதாரணமானது.

போர் முடிந்து, முன்னாள் வீரர்கள் சேர்ந்து வாழ்வதற்கு ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். அது தோல்வி. கடன் மிச்சம். ஹாம்ப்ஷையரில் 'லே கோர்ட்' என்ற பெரிய பழைய மாளிகை மட்டும் கையில் இருந்தது. 1948-ல் அவருக்கு ஒரு தகவல் வந்தது. அந்தக் குடியிருப்பில் முன்பு பன்றிகளைப் பார்த்துக்கொண்ட ஆர்தர் டைக்ஸ் என்பவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. மருத்துவமனையில் இனி வைத்திருக்க முடியாது. போக வேறு இடமும் இல்லை.

செஷையர் இடம் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை. கடைசியில் தன் வீட்டுக்கே கூட்டிவந்தார். நர்ஸிங் எதுவும் தெரியாது. சமைத்தார், துடைத்தார், பக்கத்தில் இருந்தார். ஆகஸ்ட் மாதம் டைக்ஸ் இறந்தார். விஷயம் தெரிந்து இன்னும் சிலர் வந்தார்கள். அடுத்த வருடக் கோடையில் அந்த வீட்டில் 24 பேர்.

1950-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்தார். மும்பை அந்தேரியில் ஓர் இல்லம் எழுந்தது. 1959-ல் அவருக்கும், போரில் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காக உழைத்த சூ ரைடருக்கும் திருமணம் நடந்ததும் மும்பையில்தான். டேராடூனில் இருவரும் சேர்ந்து 'ரஃபேல்' மையத்தைத் தொடங்கினார்கள். பெங்களூரு, கோவை என்று நம் பக்கமும் செஷையர் இல்லங்கள் வந்தன. அந்தப் பெயர்ப் பலகையை நீங்கள்கூடக் கடந்துபோயிருக்கலாம்.

இப்போது பெர்லின் மேடைக்கு வருவோம். பேரிடர் நிவாரண நிதி ஒன்று திரட்ட செஷையர் திட்டமிட்டார். இருபதாம் நூற்றாண்டுப் போர்களில் இறந்த ஒவ்வோர் உயிருக்கும் ஐந்து பவுண்டு. பத்துக் கோடி உயிர் என்று கணக்கு வைத்து, இலக்கு 50 கோடி பவுண்டு! ரோஜர் வாட்டர்ஸ் சம்மதித்ததற்கும் காரணம் இருந்தது. அவர் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, அப்பா இத்தாலியின் அன்ஸியோ போர்முனையில் இறந்துவிட்டார். ஆனால், அத்தனை பிரமாண்டத்துக்குச் செலவே எகிறிவிட்டது. இலக்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. இரண்டே வருடத்தில், நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நோய் தாக்கி செஷையர் இறந்தார். தன் இல்லங்களில் எத்தனையோ பேரை முடக்கிப் போட்ட அதே மாதிரி நோய்.

அம்மா சொன்ன பதில்

ஆர்தர் டைக்ஸ் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஆச்சி ஞாபகம்தான். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது, ஊரில் ஒரு மருத்துவமனையில் ஆச்சியைக் காட்டி, "இனிமே நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள். பதினான்கு மாதம் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். ஆச்சி அப்பாவைப் பெற்றவள். நல்லா இருந்த காலத்தில் அம்மாவை அவள் பேசாத பேச்சில்லை. அம்மா செய்ததைப் பார்த்து, ஊரில் சிலர் 'புண்ணியம்' என்றார்கள். சிலர் 'வேற வழி?' என்றார்கள். ஆளுக்கொரு தலைப்பு வைத்தார்கள். நாங்கள் யாருமே அவளிடம் கேட்டதில்லை.

கார்டில் கடைசியில் நான் போட்ட தலைப்பு இது: 'பெர்லின் இசை நிகழ்ச்சியை விசில் ஊதித் தொடங்கிவைத்த போர் விமானி.' சப்பென்றுதான் இருந்தது. கிளிக்கும் குறைவு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஆச்சியைப் பார்த்துக்கிட்டப்போ உனக்கு என்னம்மா தோணுச்சு?"

"இப்ப எதுக்குடி இது? என்ன தோணும்... ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா புண்ணு வந்துரும். அதான் தோணும். நீ சாப்பிட்டியா?"

(அடுத்த வாரம் சந்திப்போம்)