விரலுக்குள் தசை இல்லை

கையை நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள், தாராளமாக விரியும். இப்போது விரல்கள் உள்ளங்கையோடு சேரும் பெரிய கணுவை மட்டும் செங்குத்தாக மடக்கிக்கொண்டு, அதே விரல்களை விரிக்க முயலுங்கள். ஏறக்குறைய அசையவே அசையாது.

காரணம் அந்த மூட்டின் வடிவம். உள்ளங்கை எலும்பின் தலை முழு உருண்டை இல்லை. நுனியில் ஒடுங்கி, உள்ளங்கைப் பக்கம் அகன்றிருக்கிறது. மூட்டை இருபுறமும் பிடித்திருக்கும் தசைநார்கள் விரல் நீண்டிருக்கும்போது தொய்வாக இருக்கும். மடக்கினால் அந்த அகன்ற பகுதியின் மேல் ஏறி விறைத்துக்கொள்ளும். மண்வெட்டிக் காம்பைப் பிடித்து ஓங்கி வெட்டும்போது விரல்கள் பக்கவாட்டில் விலகாமல் நிற்பது இந்த விறைப்பினால்தான்.

கையில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போடும்போது, விவரம் தெரிந்த மருத்துவர் பெரிய கணுவை மடக்கி, மற்ற இரு கணுக்களையும் நீட்டி வைப்பதும் இதனால்தான். பெரிய கணுவை நேராக வைத்து வாரக்கணக்கில் கட்டிப்போட்டால், தொய்ந்து கிடக்கும் நார் அப்படியே சுருங்கிவிடும். எலும்பு கூடியிருக்கும்; விரல் மடங்காது. விரல்தானே என்று குச்சியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் 14 விரல்களில் இருக்கின்றன. ஆனால் விரலை அசைக்கும் தசை ஒன்றுகூட விரலுக்குள் இல்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே மறு கையை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டுங்கள். வேலை நடப்பது அங்கே என்று தெரியும். அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி, பொம்மலாட்டக் கயிறுகளாக விரல்களுக்கு ஓடுகின்றன. கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. மேலே வருவது விரலுக்குள் இரண்டாகப் பிளந்து நடு எலும்பில் பற்றிக்கொள்கிறது. கீழே வருவது அந்தப் பிளவுக்குள் நுழைந்து விரல்நுனி வரை போகிறது. உடம்பில் இத்தனை அழகான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முன்கைத் தசைகள் மட்டும் இருந்தால் கை கொக்கியாகத்தான் இருக்கும். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போது விரல்கள் எப்படி நிற்கின்றன என்று கவனியுங்கள். பெரிய கணு மடங்கியிருக்கும், மற்றவை ஏறக்குறைய நீண்டிருக்கும். அதைச் செய்பவை உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உயிரூட்டும் நரம்பு முழங்கையின் பின்புறமாக வருகிறது. அந்த இடம் இடிபட்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கும். தொழுநோய் அதிகம் தாக்குவது இந்த நரம்பைத்தான். அது செயலிழந்தால் பெரிய கணு பின்னுக்கு வளைய, மற்ற கணுக்கள் மடங்கிப்போகின்றன. ஒரு டம்ளரைக்கூடச் சுற்றிப் பிடிக்க முடியாது.

1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் இப்படி மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். தசையே அழுகுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. முன்கைத் தசைகள் வலுவோடுதான் இருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது. ஒரு விரலுக்கு இரண்டு நாண்கள் இருக்கின்றனவே, பிளந்து நிற்கும் மேல் நாணை எடுத்து வழிமாற்றிப் பொருத்தினால், செயலிழந்த சிறு தசையின் வேலையை அது செய்யும். நரம்பு அறுபட்ட கைகளுக்கு ஏற்கெனவே செய்யப்பட்டு வந்த சிகிச்சைதான். தொழுநோயாளியின் கையில் அது பலிக்குமா என்று பார்க்க அதுவரை பெரிதாக யாரும் அக்கறைப்படவில்லை. வேலூரில் பலித்தது. நடுக்கணுவை மடக்கிப் பழகிய தசைக்குப் புது வேலையைக் கற்றுத்தருவது தனிப் பாடு. அறுவைக்குப் பின் பயிற்சியிலேயே வாரங்கள் போகும்.

நரம்போடு சேர்ந்து போன தொடு உணர்ச்சி மட்டும் திரும்பாது. விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் நோய் தின்பதல்ல, வலி தெரியாததால் பட்ட சூடும் காயமும்தான் என்று பிராண்ட் விடாமல் சொன்னார். அந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே அவரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தொழுநோய் போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம்; புதிய நோயாளிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அலட்சியம் வேண்டாம். மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் நேராக நீட்டி, நடுவில் ஒரு தாளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். பிடிக்க முடியாமல் நழுவி வந்தால் நரம்பில் ஏதோ கோளாறு. அது தொழுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் காட்டிவிட வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். விரல் மடங்குவதற்கு முன்பே தொடங்கினால் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டிய தேவையே வராது.