சாவ்ரானை விட அம்பிரிட்ஜ் ஆபத்தானவர்

ஃபேன்டஸிக் கதைகளிலேயே ஆகச்சிறந்த வில்லன் யார்? விடுதி அறையிலோ டீக்கடையிலோ இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், பேச்சு விடிய விடிய ஓடும். ஒருவர் சாவ்ரான் என்பார். இன்னொருவர் வோல்டமோர்ட். தானோஸ் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று ஒருவர் இழுப்பார். கில்மாங்கரை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் சண்டைக்கு வருவார். கடைசியில் யாராவது எழுந்து ‘பாகுபலி’ காலகேயனைப் போல நாக்கைச் சுழற்றிப் பேசிக் காட்ட, எல்லோரும் சிரித்துக் கலைவார்கள்.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க நான் தயாரில்லை. அசுரன் என்றும் அரக்கன் என்றும் எழுதி வைக்கப்பட்டவர்கள் உண்மையில் யார் என்று கேட்டதில் இருந்துதான் நம் அரசியல் வாசிப்பின் பெரும்பகுதி தொடங்குகிறது. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’, தசாவதாரக் கதைகளை வந்தேறியவர்கள் மண்ணின் மக்களை வென்று அடக்கிய வரலாறாகப் படித்தது. வாமனன் காலில் மிதிபட்ட பலி அவருக்கு வில்லனாகத் தெரியவில்லை, மக்கள் நேசித்த அரசனாகத் தெரிந்தான். ஆகவே தோழர்களே, வில்லனைப் பற்றிப் பேசுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஆனால் எந்த வில்லன் நம்மை ஈர்க்கிறான் என்பதோடு, ஏன் ஈர்க்கிறான், யாருக்கு அந்த ஈர்ப்பே மறுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மறுக்கப்பட்டவர்களில் இருந்து தொடங்குவோம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் சாவ்ரானுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு கடந்த காலம் இருக்கிறது, ஒரு திட்டம் இருக்கிறது. அவனுக்காகச் செத்து விழும் ஓர்க்குகளுக்கு என்ன இருக்கிறது? ஒரு சிலரைத் தவிர அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. அவர்களைக் கொல்வதற்குக் கதைக்குள் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. லெகோலாஸும் கிம்லியும் யார் அதிகம் கொன்றது என்று போட்டி போட்டு எண்ணுகிறார்கள், நாமும் ரசித்துக்கொண்டே கூட எண்ணுகிறோம். ஓர்க்குகள் எப்படி இருப்பார்கள் என்பதை டோல்கீன் 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் விளக்குகிறார். தட்டை மூக்கு, மங்கிய மஞ்சள் தோல், சாய்ந்த கண்கள். ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவர்களாகத் தெரியும் மங்கோலிய முகங்களின் சிதைந்த வடிவம் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். சாவ்ரான் பக்கம் நிற்கும் மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும். தெற்கத்தியர் கருத்த தோலுடையவர்கள்.

டோல்கீனுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே கதையில் சாம் என்ற தோட்டக்காரன், தன் முன்னால் செத்து விழுந்த ஒரு தெற்கத்தியனைப் பார்த்து யோசிக்கிறான். இவன் பெயர் என்னவாக இருக்கும், இவன் உண்மையிலேயே கெட்டவன்தானா, என்ன பொய்யைச் சொல்லி இவ்வளவு தூரம் இழுத்து வந்தார்கள் என்று நினைக்கிறான். அந்த யோசனை ஒரு வேலைக்காரனுக்கு வருகிறது, எந்த அரசனுக்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிணத்துக்கு ஒரு பத்தி கிடைத்தது. ஓர்க்குகளுக்கு அதுவும் இல்லை.

இங்கே வருவோம். 2015இல் வந்த ‘பாகுபலி’யின் காலகேயர்களை நினைத்துப் பாருங்கள். கருப்பு பூசிய உடம்பு, சடை முடி, கறைப் பல். அவர்களுக்கென்று ‘கிளிக்கி’ என்ற மொழியையே மதன் கார்க்கி உருவாக்கினார். எழுநூறுக்கும் மேற்பட்ட சொற்கள், தனி இலக்கணம், பெரிய உழைப்பு. ஆனால் அந்த மொழியில் ஒரு தாலாட்டு உண்டா, ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடும் குரல் உண்டா? மிரட்டலும் வசையும் மட்டுமே நம் காதுக்கு வருகின்றன. அவர்கள் ஏன் மகிழ்மதிக்கு வந்தார்கள், அவர்கள் ஊரில் என்ன நடந்தது, எதுவும் நமக்குத் தெரியாது. தெரியாதவரை கொல்வது எளிது. அதே படத்தின் தமிழ் வசனத்தில் ‘பகடை’ என்ற சொல் வசையாக வந்தது. அது அருந்ததியரைக் குறிக்கும் சாதிப் பெயர் என்று எதிர்ப்பு எழுந்தது. கற்பனை நாடு, கற்பனை மன்னன், கற்பனைப் போர். வசை மட்டும் நம் தெருவில் இருந்து போயிருந்தது.

அடுத்தது, பேச அனுமதிக்கப்பட்ட வில்லன். இந்த வரிசையில் ‘பிளாக் பேந்தர்’ படத்தின் கில்மாங்கரை மிஞ்ச ஆளில்லை. 2018இல் அந்தப் படம் வந்ததில் இருந்து, ஹீரோவை விட வில்லன் சொன்னதே சரி என்று வாதாடும் இளைஞர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவன் கேள்வி எளிமையானது. உலகம் முழுக்கக் கருப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டபோதும் சுடப்பட்டபோதும், இவ்வளவு செல்வமும் ஆயுதமும் வைத்துக்கொண்டு வகாண்டா ஏன் ஒளிந்துகொண்டிருந்தது? கேட்பவன் ஓக்லாந்தில் வளர்ந்தவன். 1966இல் பிளாக் பேந்தர் கட்சி பிறந்த ஊர் அது. அந்தப் பெயரைத்தான் 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறுத்தை என்ற சொல் தமிழ்நாட்டுச் சேரிகளின் சுவர்களுக்கும் அங்கிருந்துதான் நடந்து வந்தது. அவன் பேசும்போது நமக்குச் சிலிர்க்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் படம் அவனை என்ன செய்கிறது? முதலில் தன் காதலியையே சுட்டுக் கொல்ல வைக்கிறது. பிறகு மூலிகைத் தோட்டத்தைக் காக்கும் மூதாட்டியின் கழுத்தைப் பிடிக்க வைக்கிறது, தோட்டத்தைக் கொளுத்த வைக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோது கேட்டவனைக் கொலைவெறியனாக்கிவிட்டால் கேள்வி தானாகச் செத்துவிடும். அவன் அனுப்பும் ஆயுத விமானங்களை வீழ்த்தும் வேலையைப் படம் யாரிடம் கொடுக்கிறது தெரியுமா? ஒரு சிஐஏ அதிகாரியிடம்! முடிவில் டி'சல்லா ஓக்லாந்தில் உதவி மையம் திறக்கிறான். அதாவது கில்மாங்கர் கேட்டதில் ஒரு சிறு பங்கு, அவன் செத்த பிறகு, அரசனின் கருணையாக வழங்கப்படுகிறது. இந்தக் கதை நமக்குப் பழக்கமானதுதான். கோரிக்கை வைத்தவர்மேல் வழக்கு, கோரிக்கையில் கால்வாசி நிறைவேறினால் அதற்கு ஆள்வோருக்குப் பாராட்டு விழா.

அப்படியானால் தலைகீழாக்கிவிடலாமா? வில்லனை ஹீரோவாக்கினால் முடிந்ததா? தமிழில் இதற்கு ஒரு நீண்ட மரபே உண்டு. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வந்தது. 1948இல் அரசு தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு வில்லனின் பக்கம் நின்று எழுதியதற்காக ஒரு நூல் இருபது ஆண்டுகளுக்கு மேல் முடக்கப்பட்டது என்றால், கதைக்கு எவ்வளவு பயந்தார்கள் என்று பாருங்கள். அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நமக்கு அங்கே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இராவணனும் மன்னன்தான். வால்மீகி சொல்லும் வம்சத்தில் அவன் புலத்தியரின் பேரன், பிறப்பால் பிராமணன். அயோத்தி அரண்மனையில் இருந்து இலங்கை அரண்மனைக்கு ஹீரோ இடம் மாறினால், அந்த அரண்மனையின் மலத்தை அள்ளியவர் எங்கே போனார்? தாடகைக்கும் சூர்ப்பனகைக்கும் யார் காவியம் எழுதுவது? வில்லனைத் தலைகீழாக்குவது முதல் படி. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

தலைகீழாக்குவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை 2023 நமக்குக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தது. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ ஃபேன்டஸிப் படம் இல்லைதான். ஆனாலும் இந்த விவாதத்தில் அதைத் தவிர்க்க முடியாது. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேல் யார்? பந்தயத்தில் தோற்ற தன் நாயை அடித்தே கொல்பவன். ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினர் தன் எதிரே நாற்காலியில் உட்காருவதைத் தாங்க முடியாதவன். படம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்தீர்கள். அவன் மீசையை முறுக்கும் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாடல்களை ஒட்டி, ஆளுக்கொரு சாதிப் பெயரைப் போட்டு ‘எங்க ஆளு’ என்று பரப்பினார்கள். நடிப்பைத்தான் ரசித்தோம் என்று சிலர் சொன்னார்கள். நடிப்பை ரசிக்கச் சாதிப் பாட்டு எதற்கு?

வில்லனின் ஈர்ப்பு என்பது நடுநிலையான ஒன்று இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். கில்மாங்கர் பேசினால் அடங்கியிருந்தவனுக்குச் சிலிர்க்கிறது. ரத்னவேல் நடந்தால் அடக்கியவனுக்குச் சிலிர்க்கிறது. ‘செம வில்லன்பா’ என்ற ஒரே பாராட்டுக்குள் இரண்டும் ஒளிந்துகொள்கின்றன. தானோஸ் விஷயமும் இதுதான். உலகில் பாதிப் பேர் செத்தால் மீதிப் பேர் நன்றாக வாழலாம் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பவர், தான் எப்போதும் மிஞ்சும் பாதியில் இருப்போம் என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறார்.

சரி, என் ஓட்டு யாருக்கு? ஹாரி பாட்டர் கதையின் டொலோரஸ் அம்பிரிட்ஜுக்கு. வோல்டமோர்ட்டுக்கு இல்லை.

வோல்டமோர்ட்டிடமும் நமக்குப் பாடம் இருக்கிறது. இரத்தத் தூய்மை பேசும் அவனே கலப்பில் பிறந்தவன். அவன் தாய்வழிக் குடும்பமான கான்ட்டுகள், இரத்தம் கலந்துவிடக் கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி, வறுமையிலும் வெறியிலும் அழிந்துபோனவர்கள். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்தக் குடிசை வீட்டை அடையாளம் தெரியும். ஆனாலும் அவன் மூக்கில்லாத முகத்தோடு வருகிறான். பார்த்ததும் எல்லோருக்கும் தெரிகிறது, இவன்தான் தீமை என்று.

அம்பிரிட்ஜ் அப்படி வரவில்லை. இளஞ்சிவப்பு ஸ்வெட்டர், சுவரில் பூனைக்குட்டித் தட்டுகள், தேன் தடவிய குரல், பேசுவதற்கு முன் ஒரு சின்னச் செருமல். அவர் கையில் இருப்பது உத்தரவுக் காகிதம். மாணவனைத் தண்டிக்க ஒரு பேனா தருகிறார். அவன் எழுதும் ஒவ்வொரு வரியும் அவன் கைத்தோலிலேயே கீறி, அவன் இரத்தத்திலேயே பதிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறார். பிறகு, மந்திரவாதிகள் அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களை விசாரிக்கும் ஆணையத்தின் தலைவர் ஆகிறார். அங்கே கேட்கப்படும் கேள்வி இதுதான்: இந்த மந்திரக்கோலை யாரிடமிருந்து திருடினாய்?

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் இந்தக் கேள்வியை வேறு சொற்களில் கேட்டிருப்பீர்கள். ‘கட்ஆஃப் எவ்வளவு? எந்த கோட்டா?’ திறமை உன்னுடையதாக இருக்க முடியாது, எங்கிருந்தோ எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் இரண்டிலும் ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். வோல்டமோர்ட் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பும் அம்பிரிட்ஜ் அமைச்சகத்தில் இருந்தார். பிடித்த பிறகும் இருந்தார். மேலே ஆள் மாறினாலும் அவர் நாற்காலி மாறவில்லை. 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த ரோஹித் வெமுலாவும் அவருடைய தோழர்கள் நால்வரும் விடுதியில் இருந்து வெளியேற்றப்பட்டதும் ஓர் உத்தரவின் பேரில்தான். கோட்டைக்கு மேல் எரியும் கண் எதுவும் அங்கே இல்லை. கோப்புகள் இருந்தன.

அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் சம்பூகன் கொலையைப் பற்றிப் பேசும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். ராமன் என்ற தனிமனிதனின் கொடூரமாக அதைச் சுருக்குவதை அவர் ஏற்கவில்லை. நால்வருணம் தானாக நிற்காது, அதைக் காக்கத் தண்டனை தேவை, அந்த அமைப்பைக் காக்கும் அரசனுக்கு அந்த வாள் கடமையாகிறது என்கிறார். வாளைப் பிடித்தவனை வெறுப்பதோடு நின்றுவிட்டால், வாளைக் கொடுத்த சட்டம் அப்படியே இருக்கும். சாவ்ரானின் மோதிரம் எரிமலையில் விழுந்ததும் மோர்டோர் இடிந்து விழுகிறது. சாதிக்கு அப்படி ஒரு மோதிரம் இல்லை.

இதனால் யாரும் ஃபேன்டஸி படிப்பதை நிறுத்த வேண்டாம். நன்றாகப் படியுங்கள், பாருங்கள், சண்டை போடுங்கள். அடுத்த முறை பட்டியல் போடும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பேச விடாமல் கொல்லப்பட்டவர்கள் யார்? நியாயமான கேள்வி கேட்டவன் கையில் கடைசி நேரத்தில் கத்தியைத் திணித்தது யார்? வில்லன் செத்த பிறகும் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்?

பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஓர்க்கின் பக்கம் நின்று ஒரு கதை, காலகேயத் தாயின் மொழியில் ஒரு தாலாட்டு. சொற்கள் தயாராக இருக்கின்றன, எழுத ஆள்தான் வேண்டும்.

ஜெய்பீம்.