மெஷினுக்கு மானியம் இருக்கு... பில்லுக்குப் பணம் எப்போ வரும்?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு பட்டறைகள். லேத், மில்லிங், டிரில்லிங் என நாலைந்து மெஷின் இருக்கும். ஓனரே மெஷினில் நிற்பார். பம்ப்செட்டுக்கோ, கிரைண்டருக்கோ, ஜவுளி இயந்திரத்துக்கோ ஒரு பாகத்தைக் கடைந்து கொடுப்பார்கள். இதுதான் ஜாப் ஒர்க். பெரும்பாலும் பொருளைக் கம்பெனியே கொடுத்துவிடும். பட்டறைக்குக் கிடைப்பது கூலி மட்டும்.

இவர்களுக்கு அரசு என்ன செய்கிறது? கொஞ்சமில்லை, நிறையவே செய்கிறது. தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய். பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை. நல்ல திட்டங்கள்தான். ஆனால் இவையெல்லாம் தொழில் தொடங்கவும் மெஷின் வாங்கவும் கிடைக்கும் உதவி. ஓடிக்கொண்டிருக்கும் பட்டறை திணறுவது மெஷின் இல்லாமல் அல்ல, செய்த வேலைக்குக் காசு வராமல்.

ஒரு சின்னக் கணக்கு. மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு பில் போடும் பட்டறை. பணம் நாலு மாதம் கழித்து வருகிறது என்றால், எந்நேரமும் 8 லட்சம் வெளியே நிற்கும். ஜிஎஸ்டி இதற்காகக் காத்திருக்காது. 18 சதவீதம் என்று வைத்தால் ஒரு மாத பில்லுக்கு 36,000 ரூபாய். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் 20-ஆம் தேதி வாக்கில் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு, கடன் வாங்கி வரி. கரண்ட் பில், ஆள் கூலி தனி.

சட்டம் இல்லையா? இருக்கு. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகார் கொடுக்க கோவையிலேயே வசதியாக்கக் குழுமம் இருக்கிறது. ஆனால் மாத வருமானத்தில் முக்கால்வாசி ஒரே கம்பெனியிலிருந்து வரும்போது அதன் மேல் யார் புகார் கொடுப்பார்? வட்டி கிடைக்கும், ஆர்டர் போய்விடும்.

மத்திய அரசுக்கும் இது புரிந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என 2023 பட்ஜெட்டில் விதி வந்தது. உடனே, ‘உத்யம் பதிவை ரத்து செய்துட்டு வா’ என்று சில கம்பெனிகள் கேட்பதாகப் புகார் கிளம்பியது. பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெறும் ட்ரெட்ஸ் தளத்தில் 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் சேர வேண்டும் என்ற உத்தரவும் இருக்கிறது. சேர்ந்தால் போதுமா? வாங்கியவர் பில்லை ஏற்றால்தான் அங்கே காசு நகரும்.

என் பார்வையில், கைவைக்க வேண்டிய இடம் ஜிஎஸ்டிதான். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வாங்கியவர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சட்டம் 45 நாள் என்கிறது. இன்னொன்று ஆறு மாதம் பொறுக்கிறது! குறு, சிறு நிறுவன பில்களுக்கு இந்த 180-ஐ 45 ஆக்கினால், பட்டறைக்காரர் வாய் திறக்கவே வேண்டாம். தாமதித்தால் கம்பெனியின் கை தானாகவே சுடும். உத்யம் எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் பொருத்திப் பார்ப்பது கணினிக்குப் பெரிய வேலை இல்லை. ‘பணம் கொடுத்தாச்சு’ என்று கம்பெனியே எழுதிக்கொள்ளும் இப்போதைய முறையை மட்டும் மாற்றி, வங்கிப் பரிமாற்ற எண்ணைக் கேட்க வேண்டும்.

வாங்குபவரும் சின்னக் கம்பெனியாக, தனக்கு வர வேண்டிய பணத்துக்குக் காத்திருப்பவராக இருந்தால்? நியாயமான கேள்வி. அதனால் முதலில் அதே 250 கோடிக்கு மேற்பட்டவர்களிடம் தொடங்கலாம். ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழகத்துக்கும் இடம் இருக்கிறது. மானியம் போல இதற்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை, கவுன்சிலில் பேச வேண்டும்.