அந்தக் கொப்பிக்குப் புள்ளி வேண்டாம்

கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன்களை நாட்குறிப்பு எழுதப் பழக்குவது நல்ல காரியம். சமய பாடத்தில் சரியான விடைக்குப் புள்ளி உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று அந்தோனியார் கோயிலுக்குள்ளேயே ஏன் குண்டு வெடித்தது என்று கேட்கும் பிள்ளைக்கு எந்தப் பாடநூலில் விடை இருக்கிறது?

அதை அவன் எழுதட்டும். முஸ்லிம் ஆசிரியர்களான எங்கள் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதட்டும். நாங்கள் வாசிக்கவும் கூடாது, சிவப்புப் பேனையால் திருத்தவும் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்வதில்லை. இந்தக் கொப்பிக்கும் அதே மரியாதை வேண்டும்.

சின்ன வயதில் பேரிக்காய் திருடியதைக்கூட எழுதிவைத்தவர்தான் புனித அகுஸ்தீனார்.

பெற்றோரே, மேசையில் கிடந்தாலும் திறந்து பார்க்காதீர்கள். அவனாகக் கொண்டுவந்து காட்டினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.